வீட்டில் இருந்தே படித்து பல் சுகாதாரப் பட்டம் வாங்க முடியுமா?



"பிளஸ் டூ முடிச்ச பொண்ணு வீட்ல இருக்கா. வீட்டிலிருந்தே ஆன்லைன்ல படிச்சா 'டென்டல் ஹைஜீனிஸ்ட்' பட்டம் கிடைக்கும், அமெரிக்காவுல லட்ச லட்சமா சம்பளம்னு செல்போன்ல விளம்பரம் வருது. குழுவுல கடன் வாங்கிக் கட்டலாமா?" என்று ஒரு தோழி நம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. பணம் கட்டுவதற்கு முன்னாடி கேட்ட கேள்வி என்பதால் ரொம்ப நல்ல கேள்வி. ஒருவருக்குச் சொல்வதை எல்லாக் குழுக்களுக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறோம். ஆன்லைனில் பல் சுகாதாரப் பட்டம் என்பது பொய்யில்லை. அமெரிக்காவில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது யாருக்காக இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கு. ஏற்கனவே கல்லூரிக்குப் போய், கையால் வேலை பழகி, லைசென்ஸ் வாங்கியவர்கள் மேற்கொண்டு படிப்பதற்காக வைத்த படிப்பு அது. புதிதாகத் தொடங்குகிற பெண்ணுக்கான வாசல் அதுவல்ல.

டென்டல் ஹைஜீனிஸ்ட் என்றால் யார்?

பல் டாக்டர் வேறு, டென்டல் ஹைஜீனிஸ்ட் வேறு. தமிழில் பல் சுகாதாரப் பணியாளர் என்று சொல்லலாம். பல்லில் கெட்டியாகப் படிந்துபோன காரையைச் சுரண்டி எடுப்பது, ஈறு வீங்கியிருக்கா, ரத்தம் கசியுதா என்று பார்ப்பது, பூச்சிப்பல் வராமல் இருக்க ஃபுளோரைடு மருந்து தடவுவது, எப்படிப் பல் துலக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. பல் பிடுங்குவது, வேர் சிகிச்சை செய்வது எல்லாம் டாக்டர் வேலை. சுருக்கமாகச் சொன்னால், நோய் வந்தபின் பார்ப்பவர் டாக்டர். வராமல் காப்பதற்கு உதவுபவர் ஹைஜீனிஸ்ட்.

இந்த வேலை எங்கே தொடங்கியது?

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிட்ஜ்போர்ட் என்று ஒரு ஊர். அங்கே ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் டாக்டர் இருந்தார். வந்த நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே இருந்தால் முடிவே கிடையாது, பல்லைச் சுத்தமாக வைத்தால் பாதி நோய் வராது என்று அவர் நினைத்தார். 1906இல் தன்னிடம் உதவியாளராக இருந்த ஐரீன் நியூமன் என்ற பெண்ணுக்கு இந்த வேலையைக் கற்றுக் கொடுத்தார். 1913இல் ஒரு வகுப்பே தொடங்கினார். அடுத்த ஆண்டு 27 பெண்கள் படிப்பை முடித்தார்கள். அவர்களில் பலர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்து, துலக்கச் சொல்லிக் கொடுக்கும் வேலைக்குப் போனார்கள். 1917இல் ஐரீன் நியூமனுக்கு லைசென்ஸ் கிடைத்தது. உலகத்திலேயே முதல் ஹைஜீனிஸ்ட் லைசென்ஸ் அது.

அன்றைக்கு இருந்து இன்றைக்கு வரை இந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள்தான் இருக்கிறார்கள்.

அங்கே எப்படிப் படிக்கிறார்கள்?

நம் ஊர் டிப்ளமோ மாதிரி அங்கே 'அசோசியேட் டிகிரி' என்று ஒன்று உண்டு. ஹைஜீனிஸ்ட் ஆவதற்கு அது போதும். பெரும்பாலும் 'கம்யூனிட்டி காலேஜ்' என்கிற உள்ளூர்க் கல்லூரிகளில் சுமார் 3 வருடம் ஆகும். பாடம் பாதி, கைவேலை பாதி. கல்லூரியிலேயே பல் சிகிச்சை நாற்காலிகள் போட்டிருப்பார்கள். மாணவிகள் வாரா வாரம் உண்மையான நோயாளிகளுக்கு, ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்க்க, சுத்தம் செய்து பழக வேண்டும்.

படித்து முடித்த பிறகு தேசிய அளவில் ஒரு எழுத்துத் தேர்வு, கைவேலைத் தேர்வு, அதன்பின் அந்தந்த மாநிலத்தின் லைசென்ஸ். கல்லூரிக்கு 'கோடா' என்கிற பல் மருத்துவக் கல்வி ஆணையத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் படித்தவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் கிடைப்பதில்லை.

சம்பளம் நல்ல சம்பளம்தான். அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2024 மே மாதக் கணக்காகச் சொல்வது ஆண்டுக்கு 94,260 டாலர். பாதிப் பேர் இதற்கு மேலே, பாதிப் பேர் இதற்குக் கீழே வாங்குகிறார்கள் என்று அர்த்தம். விளம்பரக்காரர்கள் இந்தத் தொகையை ரூபாயில் பெருக்கிக் காட்டுவார்கள். ஆனால் அது லைசென்ஸ் உள்ளவருக்கு, அந்த ஊர் வீட்டு வாடகைக்கும் அந்த ஊர் விலைவாசிக்கும் நடுவில் கிடைக்கிற சம்பளம் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் எதற்கு இளநிலைப் பட்டம்?

நாற்காலி பக்கத்தில் நின்று பல் சுத்தம் செய்ய அசோசியேட் டிகிரி போதும் என்றால், பட்டம் எதற்கு? இதை அங்கே வேலை பார்க்கிற பெண்களே யோசிக்கிறார்கள்.

பத்து, பதினைந்து வருடம் குனிந்து நின்று வேலை பார்த்தால் கழுத்து, தோள், மணிக்கட்டு எல்லாம் வலி கொடுக்கும். இந்தத் தொழிலில் அது பெரிய பிரச்சினை. வயலில் நடவு நடுகிற நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. உடம்பு ஒத்துழைக்காத காலத்தில் அதே அறிவை வைத்து வேறு வேலைக்குப் போகலாமே என்று நினைக்கிறார்கள். ஹைஜீனிஸ்ட் படிப்புக்கு ஆசிரியராகலாம். பொது சுகாதாரத் துறைக்குப் போகலாம். பள்ளிக்கூடப் பல் சுகாதாரத் திட்டங்களை நடத்தலாம். ஆராய்ச்சிக்குப் போகலாம். இதற்கெல்லாம் பெரும்பாலும் இளநிலைப் பட்டம் கேட்கிறார்கள்.

பட்டம் வாங்கியதால் லைசென்ஸ் மாறாது. அதே நாற்காலி வேலைக்குச் சம்பளம் தானாக ஏறிவிடாது. வேறு கதவுகள் திறக்கும், அவ்வளவுதான்.

ஆன்லைன் படிப்பு எப்படி நடக்கிறது?

வேலையும் பார்க்கணும், பிள்ளைகளையும் பார்க்கணும், மறுபடி கல்லூரிக்குப் போக முடியாது. இப்படிப்பட்ட பெண்களுக்காகத்தான் 'பட்ட நிறைவுப் படிப்பு' வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம், வடக்கு அரிசோனா பல்கலைக்கழகம் போன்ற பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களே இதை ஆன்லைனில் நடத்துகின்றன.

இதைப் புரிந்துகொள்ள நம் சேமிப்புப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒவ்வொரு பாடத்துக்கும் 'கிரெடிட்' என்று ஒரு கணக்கு உண்டு. இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் சேர வேண்டும். ஹைஜீனிஸ்ட் ஏற்கனவே அசோசியேட் டிகிரியில் சேர்த்த கிரெடிட்டைப் புதிய பல்கலைக்கழகம் வரவு வைத்துக்கொள்ளும். மீதியைப் படித்து நிரப்பினால் பட்டம். முழுநேரம் படித்தால் ஒன்று, இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம். வேலையோடு மெதுவாகப் படித்தால் கூடுதலாக ஆகும்.

பாடங்கள் என்னவென்றால் பொது சுகாதாரம், புள்ளியியல், ஆராய்ச்சி முறை, கற்பிக்கும் முறை, நிர்வாகம் போன்றவை. வாரா வாரம் பாடத்தைப் படித்து, கட்டுரை எழுதி, மற்ற மாணவிகளோடு கணினியில் விவாதம் செய்ய வேண்டும். கடைசியில் அவரவர் ஊரிலேயே ஒரு களப்பணியும் இருக்கும்.

கவனித்தீர்களா தோழியரே? இந்தப் பட்டியலில் காரை சுரண்டுவது இல்லை. அது ஏற்கனவே கைக்கு வந்துவிட்டது. புத்தக அறிவைத்தான் ஆன்லைனில் சேர்க்கிறார்கள். விண்ணப்பம் போடும்போதே, "அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஹைஜீனிஸ்ட் படித்த சான்றிதழ் எங்கே, லைசென்ஸ் எங்கே?" என்றுதான் கேட்பார்கள். நம் பெண்ணிடம் அந்த இரண்டும் இல்லாவிட்டால் அந்த வாசலில் நுழையவே முடியாது.

நீச்சலைப் புத்தகத்தில் படித்துக் கிணற்றில் குதிக்க முடியாதில்லையா? கூர்மையான கருவியை இன்னொருவர் ஈறுக்குப் பக்கத்தில் வைக்கிற வேலையும் அப்படித்தான். எந்த நாடாக இருந்தாலும் அதை ஆள் பக்கத்தில் நின்றுதான் சொல்லித்தர முடியும்.

நம் நாட்டில் என்ன நிலை?

நம் நாட்டிலும் டென்டல் ஹைஜீனிஸ்ட் படிப்பு உண்டு. 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்திலேயே ஹைஜீனிஸ்டுகளைப் பதிவு செய்வது பற்றி இருந்தது. இங்கே அது 2 வருட டிப்ளமோ. கல்லூரிக்குப் போய், நேரில் படிக்க வேண்டிய படிப்பு. படித்த பிறகு பதிவும் செய்ய வேண்டும்.

பல் மருத்துவம், மருத்துவம், நர்சிங், மருந்தியல், பிசியோதெரபி போன்ற படிப்புகளை அஞ்சல் வழியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து மருத்துவம் சார்ந்த துணைப் படிப்புகளையும் அப்படி நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். ஆகவே, "வீட்டிலிருந்தே படிங்க, டென்டல் பட்டம் தர்றோம்" என்று நம் ஊரில் யாராவது சொன்னால், பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.

ஆன்லைன், தொலைதூரக் கல்வி எல்லாமே ஏமாற்று என்று நினைத்துவிடவும் கூடாது. பி.ஏ., பி.காம். போன்ற பட்டங்களை மானியக் குழுவின் ஒப்புதல் பெற்ற பல்கலைக்கழகங்களில் தாராளமாக அப்படிப் படிக்கலாம். 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எல்லாம் இதற்காகவே உள்ளவை. ஒப்புதல் பெற்ற இந்தப் பட்டங்கள் கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022இல் அறிவித்திருக்கிறது. நம் பெண் ஹைஜீனிஸ்ட் டிப்ளமோ படித்து வேலைக்குப் போன பிறகு, வேலை பார்த்துக்கொண்டே இப்படி ஒரு பட்டமும் வாங்கலாம். அமெரிக்கப் பெண்கள் நடக்கிற வழியும் இதேதான். முதலில் கைவேலை, பிறகு வீட்டிலிருந்து மேற்படிப்பு.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும்? சென்டரின் பெயரா, பல்கலைக்கழகத்தின் பெயரா?

2. அந்தப் பல்கலைக்கழகம் மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் மானியக் குழுவே வெளியிடுகிறது. படித்த பிள்ளைகளை விட்டு இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

3. இந்தப் படிப்பை வைத்து எந்தக் கவுன்சிலில் பதிவு செய்யலாம்? எழுதிக் கொடுப்பீர்களா?

4. கைப்பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம்? நாங்கள் நேரில் வந்து பார்க்கலாமா?

5. மொத்தக் கட்டணம் எவ்வளவு? பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பி வரும்? ரசீது யார் பெயரில்?

6. இந்தப் படிப்புக்கு வங்கியில் கல்விக் கடன் கிடைக்குமா? அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு வங்கி பொதுவாகக் கடன் தராது. வங்கி மேனேஜர் தயங்கினால், ஏன் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

"இன்னைக்கே கட்டினா பாதிக் கட்டணம்" என்று அவசரப்படுத்துகிறவரிடம் இந்த ஆறையும் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் கோபப்படாமல் பதில் சொல்வார்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

பெண் பிள்ளையைப் படிக்க வைக்கக் கடன் வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் நம் உள்கடன் பணம் யாருடையது? வாரா வாரம் நூறும் இருநூறுமாக பதினைந்து, இருபது பேர் சேர்த்தது. ஒரு மாடு வாங்கக் கடன் கேட்டால்கூட, பல்லைப் பார்த்து, மடியைப் பார்த்து, நாலு பேரிடம் விசாரித்துத்தானே தீர்மானம் போடுகிறோம். படிப்புக்கடனுக்கும் அதே விசாரணை வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர் இந்தக் கட்டுரையை எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும். படிப்புக்கடன் விண்ணப்பம் வந்தால் இந்த ஆறு கேள்விகளுக்கும் பதில் எழுதி வாங்குவது என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். படிப்பு அங்கீகாரம் பெற்றதுதானா என்று சந்தேகம் வந்தால் பணம் கட்டுவதற்கு முன் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து விசாரிப்போம்.