பாட்டியின் பெட்டியும் பங்குக் கோயில் பதிவேடும்

1930-களில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை ஸ்பானிய, மெக்சிகச் சமையலைப் பற்றிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் சாந்தா ஃபே நகரில் வசித்த கிளியோஃபாஸ் ஹராமில்லோ அதைப் படித்தார். டார்ட்டியா ரொட்டிக்கு மாவு, தண்ணீர், உப்பு இருந்தால் போதும் என்று அதில் இருந்தது. கொழுப்பும் சேர்க்காமல், மாவைப் பொங்கவைக்க எதுவும் போடாமல் செய்த அந்த ரொட்டி எத்தனை மெத்தென்று இருந்திருக்கும் என்று பின்னாளில் சுயசரிதையில் கிண்டலடித்தார்.

கிண்டலோடு அவர் விடவில்லை. நம் வழக்கங்களைத் தெரிந்து வைத்திருக்கும் நாமே அவற்றை அழிய விடுகிறோமே என்ற உறுத்தலில், 1935-இல் சாந்தா ஃபே நாட்டார் வழக்காற்றுச் சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர்கள் ஸ்பானிய வம்சாவளியினராக இருக்க வேண்டும், கூட்டங்கள் ஸ்பானிய மொழியிலேயே நடக்க வேண்டும் என்பவை சங்கத்தின் விதிகள். 1939-இல் சரியான செய்முறைகளோடு சமையல் நூல் ஒன்றையும், அம்மா சொன்ன கதைகளைத் தொகுத்து இன்னொரு நூலையும் கொண்டுவந்தார். சங்கம் இன்றும் இயங்குகிறது. ஆண்டுதோறும் நகரத் திருவிழாவின்போது, பாட்டிகளின் பெட்டிகளில் பத்திரமாக இருந்த பழைய உடைகளை உடுத்திக்கொண்டு பேத்திகள் மேடையேறுகிறார்கள். பார்க்க வருபவர்களுக்குச் சூடான சாக்லேட் பானமும், சோம்பு மணக்கும் பிஸ்கோசீட்டோ பிஸ்கட்டும் உண்டு.

அமெரிக்காவில் ஸ்பானிய மொழி மரபில் வந்தவர்களை ஹிஸ்பானிக் என்றோ லத்தீனோ என்றோ குறிக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பின்படி இவர்கள் 6.2 கோடிப் பேர்; மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. எல்லோரும் நேற்று வந்து குடியேறியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நியூ மெக்சிகோவில் ஸ்பானியக் குடியேற்றம் 1598-இல் தொடங்கியது. அமெரிக்கா என்ற நாடே அப்போது கிடையாது. அமெரிக்காவுடன் நடந்த போரில் தோற்ற மெக்சிகோ, 1848 உடன்படிக்கையில் தன் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இழந்தபோது, பல்லாயிரம் பேர் வீட்டை விட்டு நகராமலே வேறு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். “நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டிப் போனது” என்று அந்தக் குடும்பங்களில் சொல்வதுண்டு.

இப்படிப்பட்ட குடும்பங்களின் வேரைத் தேடுபவர்கள் முதலில் போய் நிற்கும் இடம் பங்குக் கோயில். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் சாமியார் பதிவேட்டில் எழுதி வைப்பது தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பழகிய விஷயம்தான். ஸ்பானியர் ஆண்ட பகுதிகளில் அந்தப் பதிவு இன்னும் விரிவானது. குழந்தையின் பெயரோடு பெற்றோர், ஞானப்பெற்றோர், சில இடங்களில் தாத்தா பாட்டி வரைக்கும் எழுதியிருப்பார்கள். திருமணத்துக்கு முன் தனியாக ஒரு விசாரணை நடக்கும். மணமக்கள் உறவுக்காரர்களாக இருந்தால் விலக்கு வாங்க வேண்டும்; அதற்காக, பொது மூதாதை வரை இரு பக்கத்து உறவையும் வரிசைப்படுத்திக் காட்டுவார்கள். அன்றைக்குக் கல்யாணத்துக்குத் தடையாக வந்து நின்ற அந்தத் தாள், இன்றைய ஆய்வாளருக்குக் கைக்கு எட்டிய வம்சாவளிப் பட்டியல்.

இந்தக் காகிதங்களைச் சலிக்காமல் புரட்டியவர் ஆஞ்ஜெலிகோ சாவேஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி. நியூ மெக்சிகோவில் 1910-இல் பிறந்தவர். 1680-இல் பியூப்லோ பழங்குடியினர் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரை விரட்டியபோது கோயில் பதிவேடுகளில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எஞ்சிய ஆவணங்களைக் கொண்டு, கிளர்ச்சிக்கு முன் இருந்த குடும்பங்கள், பின்னால் வந்தவை என்று பிரித்து, 1954-இல் அவர் வெளியிட்ட நியூ மெக்சிகோக் குடும்பங்களின் தோற்றம் பற்றிய நூல்தான் இன்றும் அந்த மாநிலத்தில் வம்சாவளி தேடுபவர்களின் கைநூல்.

ஆனால் பதிவேடு எல்லாவற்றையும் வெளிச்சம் போட்டுக் காட்டுவதில்லை. போரிலும் சூறையாடலிலும் பிடிபட்ட நவஹோ, அப்பாச்சி, கொமான்சிப் பழங்குடிக் குழந்தைகளை விலைக்கு வாங்கி, ஞானஸ்நானம் கொடுத்து, வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எஜமானரின் குடும்பப் பெயரே ஒட்டிக்கொண்டது. ‘சுத்த ஸ்பானிய ரத்தம்’ என்று தலைமுறை தலைமுறையாகப் பெருமை பேசிய வீடுகளில் மரபணுச் சோதனை முடிவு வந்ததும் பேச்சு குறைகிறது. அப்படி வீட்டு வேலைக்கு வாங்கப்பட்டு வளர்ந்தவர்களின் வழித்தோன்றல்களான ஹெனிசாரோக்களை நியூ மெக்சிகோ சட்டமன்றம் 2007-இல் பழங்குடி மரபினராக அங்கீகரித்தது. அபிக்கியூ என்ற ஊரில் திருவிழாவின்போது அந்தச் சிறைபிடிப்பை நினைவுகூரும் நடனம் இன்றும் நடக்கிறது. குடும்ப வரலாறு என்று இறங்கினால் இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். எல்லா வம்சாவளிச் சங்கங்களும் இதற்கு ஒரே அளவு ஆர்வம் காட்டுவதில்லை.

பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்பானிய வழக்கில் ஒருவருக்கு அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என இரண்டு குடும்பப் பெயர்கள். அமெரிக்கப் படிவத்திலோ ஒன்றுக்குத்தான் இடம். எழுத்தர் கடைசியில் இருப்பதை எடுத்துக்கொண்டால் அம்மாவின் பெயர் மகனுக்குக் குடும்பப் பெயராகிவிடும். முந்தியதை எடுத்தால் அம்மாவின் தடமே போய்விடும். அதனால் அனுபவசாலிகள் எந்தப் பெயரையும் இரண்டு விதமாகவும் தேடிப் பார்ப்பார்கள். மெக்சிகோவின் கோயில் பதிவேடுகளும், 1859-இல் சட்டமான அரசுப் பிறப்பு இறப்புப் பதிவுகளும் பெருமளவு படியெடுக்கப்பட்டு, மார்மன் திருச்சபை நடத்தும் ஃபேமிலி சர்ச் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் உட்கார்ந்தபடியே கொள்ளுத் தாத்தாவின் ஞானப்பெற்றோர் வரை போய்விடலாம்.

காகிதத்தில் ஏறாதவர்களின் கதைதான் பெரும் பாடு. 1930 கணக்கெடுப்பில் மெக்சிக வம்சாவளியினரை ‘மெக்சிகன்’ என்று தனி இனமாகக் குறித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் 1940-இல் வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவம் லத்தீனோக்களைத் தனியாக எண்ணவில்லை. எனவே அந்தப் போரில் எத்தனை லத்தீனோக்கள் பணியாற்றினார்கள் என்று கேட்டால், இரண்டரை லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை என்று மதிப்பீடுதான் கிடைக்கும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் இதழியல் பேராசிரியை மேகி ரிவாஸ் ரோட்ரிகஸ் 1999-இல் முதியவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்யும் வோசெஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார். அதன் பலன் 2007-இல் தெரிந்தது. கென் பர்ன்ஸ் எடுத்த பிரம்மாண்டமான போர் ஆவணப்படத்தில் லத்தீனோ வீரர் ஒருவர்கூட இல்லை என்று ரிவாஸ் ரோட்ரிகஸும் மற்றவர்களும் குரல் எழுப்ப, கடைசி நேரத்தில் லத்தீனோ வீரர்களின் பேட்டிகள் சேர்க்கப்பட்டன.

டெக்சாஸின் மார்ஃபா நகரிலும் இப்படி நினைவைக் காப்பாற்றியவர்கள் உண்டு. அங்குள்ள பிளாக்வெல் பள்ளி 1909-இல் கட்டப்பட்ட மண்சுவர்க் கட்டடம். 1965 வரை மெக்சிக வம்சாவளிக் குழந்தைகளுக்கென்று பிரித்து நடத்தப்பட்ட பள்ளி. அங்கே ஸ்பானிய மொழி பேசக் கூடாது. 1954-இல் ஒருநாள், இனி ஸ்பானிய மொழி பேச மாட்டேன் என்று குழந்தைகளைச் சீட்டில் எழுத வைத்து, சீட்டுகளை ஒரு பெட்டியில் இட்டு, பிணம் புதைப்பதுபோலப் பள்ளி வளாகத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். கட்டடம் கைவிட்டுப் போகும் நிலை வந்தபோது பழைய மாணவர்கள் 2006-இல் ஒன்றுசேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு ஸ்பானிய அகராதி ஒன்றை மண்ணிலிருந்து தோண்டியெடுக்கும் சடங்கை நடத்தினார்கள். பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022-இல் நிறைவேறியது.

அரசு தரப்பிலும் விழா உண்டு. 1968-இல் ஒரு வாரமாகத் தொடங்கிய ஹிஸ்பானிக் மரபுக் கொண்டாட்டம் 1988-இல் ஒரு மாதமாக நீண்டது. செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை. அந்த நாட்களில் பள்ளிகளில் ஆட்டமும் பாட்டும் தமாலே விருந்தும் தடபுடலாக நடக்கும். அது இருக்கட்டும். அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் லத்தீனோக்களை வேண்டுமென்றே புறக்கணித்துவிட்டது என்று அது அமைத்த குழுவே 1994-இல் அறிக்கை தந்தது. அவர்களுக்கென்று தேசிய அருங்காட்சியகம் அமைக்கும் சட்டம் வர அதன்பின் 26 ஆண்டுகள் ஆயின. 2020 டிசம்பரில் சட்டம் வந்தது. 2022-இல் வேறோர் அருங்காட்சியகத்துக்குள் ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். சொந்தக் கட்டடம் இன்னும் எழும்பவில்லை.