டபுள் ஐபிஏ பீர்: கசப்பை விட தேதி ஏன் முக்கியம்?

டபுள் ஐபிஏ, அதாவது ஹாப்ஸும் ஆல்கஹாலும் தூக்கலான 'இந்தியா பேல் ஏல்' பீர். விவரம் தெரிந்தவர்கள் இதை வாங்கும்போது முதலில் தேடுவது பாட்டிலில் அடைத்த தேதியைத்தான். ஏன்?

காரணம் ஹாப்ஸ் பூ. கொதி ஆரம்பிக்கும்போதே போட்டால் கசப்பு தரும். கடைசியிலோ, ஆறிய பிறகோ போட்டால் வாசம் தரும். கசப்பு ஓரளவு தாங்கும். வாசம் சீக்கிரமே போயிடும்.

இந்த வகையில் பிரபலமானது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ரஷ்யன் ரிவர் நிறுவனம் தயாரிக்கும் 'பிளினி தி எல்டர்'. ஆல்கஹால் 8%. சேர்த்து வைக்காமல் புதுசாகவே குடிக்கச் சொல்கிறது அதன் லேபிள். ஒயின் கணக்கு இங்கே செல்லாது.

சரி, எப்படி ருசி பார்க்கிறார்கள்? கிளாஸில் ஊற்றி முதலில் மோந்து பார்ப்பார்கள். ரொம்ப ஜில்லென்று இருந்தால் வாசம் சரியாகத் தெரியாது. ஆரஞ்சு தோல், பைன் மரப் பிசின் வாசம் வந்தால் நல்லது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால், ஆக்சிஜன் பட்டு பழசாகிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம்தான் ஒரு மடக்கு. கசப்பைச் சொல்லும் 'ஐபியு' எண்ணை மட்டும் நம்ப முடியாது; மால்ட் இனிப்பு கூடினால் அதே கசப்பு நாக்கில் குறைவாகத் தெரியும்.

நல்ல டபுள் ஐபிஏவில் ஆல்கஹால் எரிச்சலும் தெரியாது. சிக்கலே அதுதான். 500 மி.லி.யில் 8% என்றால் 40 மி.லி. சுத்த ஆல்கஹால், 5% பீரில் 25 மி.லி.தான். இது தெரியாமல் சிலர் சாதாரண பீர் கணக்கிலேயே அடுத்த பாட்டிலைத் திறந்துவிடுகிறார்கள்.