வெள்ளிக் கோப்பையும் செலவுக் கணக்கும்

அமெரிக்க நாட்டில் அரும்பொருளாகப் போற்றப்படும் பழைய வெள்ளிக் கோப்பைகளுள் பல, 19-ஆம் நூற்றாண்டில் விவசாயச் சங்கங்கள் சிறந்த காளைக்கும் குதிரைக்கும் விளைச்சலுக்கும் வழங்கியவை. எதற்காகக் கிடைத்த பரிசு என்பதைக் கோப்பையின் மீதே பொறித்து வைப்பதுண்டு.

இவ்வழக்கத்தைப் பரப்பியவர்களுள் எல்கானா வாட்சன் முக்கியமானவர். மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்பீல்டு ஊரில், 1807-இல் இரண்டு மெரினோ ஆடுகளை ஊர்ப் பொதுவிடத்தில் நிறுத்திக் காட்டினார். 1810-இல் கால்நடைக் காட்சி நடந்தது. மறு ஆண்டே பெர்க்ஷயர் விவசாயச் சங்கம் உருவாயிற்று. நெசவுத் தொழில் அங்கத்தினர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீட்டில் பெண்கள் நெய்த துணிக்கும் அச்சங்கம் பரிசளித்தது. பெண்கள் முதலில் கூச்சத்தால் வரவில்லை. வாட்சனின் மனைவியார் வந்து நின்ற பிறகே மற்றவர்கள் துணிந்தனர்.

பணமாகக் கொடுத்தால் செலவாகிவிடும். பெயர் பொறித்த வெள்ளியோ வீட்டில் நிற்கும். பேரனும் எடுத்துப் பார்ப்பான்.

நம் மாநிலத்தில், திருந்திய நெல் சாகுபடியில் மிக அதிக விளைச்சல் எடுத்தவருக்குக் குடியரசு தினத்தன்று 5 லட்சம் ரூபாயும் பதக்கமும் அரசு வழங்குகிறது. பதினான்கு நாள் நாற்றை ஒற்றை ஒற்றையாகச் சதுர முறையில் நட்டு, நீரை அளவாகப் பாய்ச்சும் முறை அது. பரிசுக்குச் சூட்டிய பெயர் கோவை வையம்பாளையம் சி. நாராயணசாமி நாயுடு அவர்களுடையது. மின்கட்டணத்தில் ஒரு பைசாவுக்காக 1970-இல் உழவரைத் திரட்டியவர். 1972-இல் மாட்டு வண்டிகளால் கோவை நகரச் சாலைகளையே நிறைத்தவர். அவர் போராடியது சாகுபடிச் செலவையும் விளைபொருள் விலையையும் பற்றி. பரிசோ விளைச்சலின் எடையைப் பார்க்கிறது! பெயர் பொருத்தமே, அளவுகோல்தான் பாதி என்பது என் கருத்து.

எடையில் முந்தியவர் ஏக்கருக்கு எவ்வளவு செலவிட்டார் என்று தெரியாவிட்டால், அடுத்த வயல்காரர் அவரைப் பார்த்துக் கடன்படவும் கூடும். ஆதலால் சங்க ஆண்டுவிழாவில் கோப்பை வைக்க விரும்பும் நிர்வாகக் குழுவினர், விதை, எரு, மின்சாரம், ஆட்கூலி இவற்றின் கணக்கையும் போட்டியாளரிடம் கேட்கலாம். பயிர்க்கடன் வாங்கும் அங்கத்தினருக்குச் சாகுபடிச் செலவைக் கணக்கிடுவது புதிதன்று. நெசவாளரிடம் பாவு, ஊடை நூலின் எடையும், சாய விலையும், தறியில் சென்ற நாட்களும் கேட்டால் போதும்.