மதுரை அறைக்குள் ஒரு பினாங்கு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு லெபோ பினாங்கில் பூக்கடைக்காரர் மட்டும்தான் விழித்திருப்பார். பாட்டுக் கடைகளின் ஒலிபெருக்கி வாயைத் திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். மாதத்தில் ஒரு ஞாயிறு இந்த நேரத்துக்கு இங்கே வந்துவிடுவேன். பையில் ப. சிங்காரத்தின் இரண்டு நாவல்கள் இருக்கும். ஒன்றுக்கு அட்டை கழன்று டேப் ஒட்டியிருக்கிறது. என் வீட்டில் இந்தச் சுற்றலுக்கு 'வேலையில்லாத வேலை' என்று பெயர்.

இந்தத் தெருவுக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் கிட்டங்கித் தெரு. பக்கத்து மார்க்கெட் ஸ்திரீட் அவர்களுக்குக் கடைத்தெரு. ஆங்கிலேயர் பலகையில் எதை எழுதினால் என்ன, மலாய்ப் பலகை வந்தால்தான் என்ன, வட்டிக்கடைக்காரர்களின் நாக்கு தனக்கென்று ஒரு வரைபடம் வைத்திருந்தது.

கிட்டங்கி என்றால் நீண்ட கூடம். ஒவ்வொரு மார்க்காவுக்கும், அதாவது ஒவ்வொரு வட்டிக்கடைக்கும், அதில் இவ்வளவு என்று இடம். சாய்வான மூடி போட்ட கைப்பெட்டி ஒன்று, பின்னால் இரும்புப் பெட்டி. பகலில் கைப்பெட்டியின் மேல் பேரேடு விரியும். இரவில் அதே இடத்தில் பாய் விரியும். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள். மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் கப்பல், ஊர், பெண்டாட்டி முகம் எல்லாம்.

பணம் மாற்றும் கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன்: "அண்ணே, உங்க ஆளுங்க கிட்டங்கியிலயா இருந்தாங்க?"

"எங்க தாத்தா சமையலாளா வந்தவரு தம்பி. பெட்டிகிட்டப் போயி உக்கார விடமாட்டாங்களாம்" என்றார். சிங்காரம் இருந்திருந்தால் அந்த ஒரு வரியைக் குறித்துக்கொண்டிருப்பார்.

சிங்காரம் பினாங்குக்காரர் அல்ல. சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, பதினெட்டு வயதில் மேடானுக்கு வேலைக்குக் கப்பலேறியவர். யுத்த காலத்தில் அங்கிருந்து பினாங்குக்குச் சரக்கு கொண்டுவந்து வியாபாரமும் செய்திருக்கிறார். அந்தக் கடலை அவர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர் இல்லை என்பது அவர் நாவலில் தோணி புயலில் சிக்கும் பக்கங்களைப் படிக்கும்போதே தெரிந்துவிடும். மேடானில் மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தார், குழந்தையும் தங்கவில்லை. 1946இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு தினத்தந்தியின் மதுரை அலுவலகத்தில் சேர்ந்து நாற்பது ஆண்டு அங்கேயே வேலை பார்த்தார்.

மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறை, நடக்கும் தூரத்தில் மதுரைத் தெருக்கள், மறுநாள் பத்திரிகைக்கான செய்திகள். எழுத்தாளர் வாழ்க்கை என்று சொல்லிக் காட்ட அதில் ஒன்றுமில்லை. சபை இல்லை, சீடர் இல்லை, மாலை இல்லை. அந்த அறையிலிருந்துதான் நம் தெரு எழுந்து வந்தது. 1950இல் எழுதிய 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. 1962இல் எழுதி முடித்த 'புயலிலே ஒரு தோணி' அச்சேற இன்னும் பத்து வருடம் ஆனது. பதிப்பகங்களின் படியேறி இறங்கிய அலுப்போ என்னவோ, மூன்றாவது நாவல் வரவே இல்லை.

தோணியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஜப்பான்காரன் மேடானுக்குள் நுழைவதும், நேதாஜியின் படையும், நான்யாங் ஹோட்டலில் சிலப்பதிகாரமும் திருக்குறளும் கிழிபடுவதும் பேச வேண்டியவைதான். ஆனால் ஜார்ஜ் டவுனில் வளர்ந்த எனக்கு நெருக்கம் என்னவோ 'கடலுக்கு அப்பால்' என்ற அந்தச் சின்ன நாவல்தான். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டுக் கடைக்குத் திரும்புகிறான் செல்லையா. முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தின் மேல் அவனுக்கு உயிர்; அவளுக்கும் அப்படியே. பிள்ளைக்கோ ஒரே கணக்கு. துப்பாக்கி தூக்கியவன் கைப்பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்காரமாட்டான், வாடிக்கையாளிடம் பணிந்து பேசமாட்டான், ஆகவே மாப்பிள்ளைக்கு லாயக்கில்லை. பிள்ளையைக் கெட்டவராக்குவது சுலபம். சிங்காரம் அதைச் செய்யவில்லை. வட்டிக்கடைக்காரரின் நியாயம் அதன் சொந்தப் பாஷையில், வரவும் செலவுமாக, நம் முன்னால் வைக்கப்படுகிறது. படித்துவிட்டு லெபோ பினாங்கில் நடந்தால் பிள்ளை எந்த மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று கண் மேலே போகும்.

பெண்களை எழுதும்போது அவர் கை சற்றுத் தயங்குகிறது என்பதையும் சொல்லவேண்டும். மரகதத்துக்கு இன்னும் பத்துப் பக்கம் கொடுத்திருக்கலாம்.

குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோவிலில் ஒரு கும்பிடு. சூலியா ஸ்திரீட் நாகூர் தர்கா பக்கம் ஒரு தே தாரேக். தண்ணீர்மலைக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடு இன்னும் இருக்கிறது. மற்றக் கிட்டங்கிகள் பலவும் துணிக்கடை, நகைக்கடை, தங்கும் விடுதி ஆகிவிட்டன. 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் கிடைத்த பிறகு சுவர்களுக்குச் சாயம் ஏறியது, வாடகையும் ஏறியது. சுவரோவியத்துக்கு முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கிறது. 1941 டிசம்பரில் இதே தெருக்களில் ஜனங்கள் அண்ணாந்து விமானத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். குண்டு விழும் என்று அவர்கள் நினைக்கவில்லை. ஜப்பான்காரன் புழக்கத்தில் விட்ட வாழைமரப் படம் போட்ட நோட்டு, 1945இல் வெள்ளைக்காரன் திரும்பியதும் வெறும் காகிதமானது. அந்த நோட்டை இன்று பழம்பொருள் கடையில் வெள்ளி கொடுத்து வாங்குகிறார்கள். வட்டிக்கடைக்காரர் யாராவது இதைக் கேட்டால் சிரித்திருப்பார், அல்லது அழுதிருப்பார்.

பத்தரை மணிக்கு வெயில் ஏறிவிடும். பெர்ரி துறைக்குப் போய் உட்காருவேன். தோணி வந்த கடல் இது என்று பல வருடம் நம்பி, பட்டர்வொர்த் பக்கம் பார்த்துக்கொண்டே அந்த அத்தியாயத்தைப் படித்திருக்கிறேன். அசடு! மேடான் இருப்பது முதுகுப் பக்கம், தீவையும் கொடிமலையையும் தாண்டி மேற்கே. மேடானின் துறைமுகமான பெலவானுக்கு முன்பெல்லாம் விரைவுப் படகு ஓடியது, இப்போது விமானம்தான். ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காது. மேடான் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவதால், ஏறிய நேரத்துக்கே அங்கே இறங்கிவிடலாம்.