ஒரு குவார்ட்டரோட உண்மையான விலை என்ன? 90 நாள் குடிக்காம இருந்து நான் போட்ட கணக்கு



முதல்லயே சொல்லிடறேன், இது அறிவுரைப் பதிவு இல்ல. பாட்டில் மேல அச்சடிச்சிருக்குறதை நான் ஒரு தடவை திரும்பச் சொல்லி உங்க நேரத்தை வீணாக்கப் போறதில்ல. நானும் எட்டு வருஷம் வீக்கெண்ட்ல குடிச்சவன்தான். "தினமும் குடிச்சாத்தானே பிரச்சினை, நமக்கு சனிக்கிழமை மட்டும்தானே"ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டவன்.

அந்த நம்பிக்கையை உடைச்சது டாக்டர் இல்ல. ஒரு இன்ஷூரன்ஸ் அப்ளிகேஷன்.

டேர்ம் பிளான் கேட்டேன், "மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னாங்க

என் மனைவிக்கு அஞ்சாவது மாசம். குழந்தை பிறக்குறதுக்குள்ள ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் இன்ஷூரன்ஸ் போட்டுடணும்னு முடிவு பண்ணேன். எனக்கு வயசு 31. நம்ம சேனல்ல எத்தனையோ வீடியோல "சின்ன வயசுலயே போடுங்க"ன்னு உங்களுக்குச் சொல்லிட்டு, நானே தள்ளிப்போட்டுக்கிட்டு இருந்தேன்.

விண்ணப்பத்துல ஒரு கேள்வி வரும்: "மது அருந்துவீர்களா? எவ்வளவு? எத்தனை நாளுக்கு ஒருமுறை?" போன்ல பேசினவர் ரொம்ப இயல்பா, "சார், இல்லைன்னு போட்டுடலாம், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க"ன்னார். கை ஒரு நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் உள்ளதையே எழுதினேன். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு குவார்ட்டர்.

ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க. ஜிஜிடி 112, எஸ்ஜிபிடி 78. ரெண்டுமே அந்த லேப் கொடுத்த அளவுக்கு மேல. பிபி 138/90. பத்து நாள்ல மெயில் வந்துச்சு: விண்ணப்பம் ஒத்திவைக்கப்படுகிறது, மூன்று மாதம் கழித்து மீண்டும் பரிசோதனை.

ரிஜெக்ட் ஆகல. ஆனா அந்த மூணு மாசம் எனக்கு ஒண்ணு ஆனா, வீட்டு லோனும் பிறக்கப் போற குழந்தையும் முழுக்க மனைவி தலையில. அந்த ராத்திரி தூக்கம் வரல. மறுநாள் டாக்டரைப் பார்த்து ஸ்கேன் எடுத்தப்போ, கிரேடு 1 ஃபேட்டி லிவர்.

"வீக்கெண்ட் மட்டும்தானே?" - ஒரு சின்னக் கணக்கு

நம்ம ஊர் விஸ்கி, பிராந்தி, ரம் பாட்டில்ல 42.8% ஆல்கஹால்னு போட்டிருக்கும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதுல சுத்தமான ஆல்கஹால் சுமார் 77 மில்லி, எடையில சொன்னா ஏறக்குறைய 60 கிராம்.

இந்த 60 கிராமை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒரே அமர்வுல 60 கிராமோ அதுக்கு மேலயோ குடிச்சா, உலக சுகாதார நிறுவனம் அதை "அதீதக் குடி" வகையில சேர்க்குது. அதாவது ஒரே ஒரு குவார்ட்டர்லயே அந்தக் கோட்டைத் தொட்டுடறோம்.

"நான் பீர் மட்டும்தான்"னு சொல்றவங்களுக்கும் கணக்கு இருக்கு.

- 650 மில்லி, 5% பீர் ஒண்ணு: சுமார் 26 கிராம்
- 650 மில்லி, 8% ஸ்ட்ராங் பீர் ஒண்ணு: சுமார் 41 கிராம்
- ஸ்ட்ராங் பீர் ரெண்டு: சுமார் 82 கிராம். ஒரு குவார்ட்டரை விட அதிகம்!

"பீர்தானே மச்சி"ங்கிற வசனம் இங்கயே அடிபட்டுப் போயிடுது.

சரி, நிறுத்தினா உடம்புக்கு நிஜமாவே நல்லதா?

எவ்வளவு குடிச்சீங்க, எவ்வளவு குறைக்கிறீங்கங்கிறதைப் பொறுத்து பலன் மாறும். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

*கல்லீரல்:* குடியால வர்ற ஃபேட்டி லிவர் முதல் கட்டம். இந்தக் கட்டத்துல நிறுத்தினா, சில வாரங்கள்லயே கொழுப்பு குறைய ஆரம்பிக்கும், பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துடும். இதை விட்டுட்டா அடுத்து வீக்கம், அப்புறம் தழும்பு, கடைசியா சிரோசிஸ். தழும்பு முத்திப்போச்சுன்னா முழுசா பழையபடி ஆகாது. இன்னொரு சிக்கல், முதல் கட்டத்துல வலியே இருக்காது. டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்.

*பிபி:* 2017-ல "தி லான்செட் பப்ளிக் ஹெல்த்" இதழ்ல பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை வந்துச்சு. தினமும் ஆறு டிரிங்குக்கு மேல குடிச்சவங்க அதைப் பாதியா குறைச்சப்போ, மேல் அளவு பிபி சராசரியா 5.5 புள்ளி குறைஞ்சுது. தினமும் ரெண்டு டிரிங்க் அல்லது அதுக்குக் கீழ குடிச்சவங்ககிட்ட பெரிய மாற்றம் தெரியல. அதிகமா குடிக்கிறவருக்குத்தான் குறைக்கிறதுல லாபமும் அதிகம்.

*சுகர், எடை:* 2018-ல "பிஎம்ஜே ஓபன்" இதழ்ல லண்டன்ல நடந்த ஆய்வு ஒண்ணு வெளியாச்சு. நல்லாவே குடிக்கிற பழக்கம் உள்ள 94 பேர் ஒரு மாசம் முழுசா நிறுத்தினாங்க. இன்சுலின் எதிர்ப்பு கால்வாசி குறைஞ்சுது. எடையும் பிபியும்கூட குறைஞ்சுது. ஒரே மாசத்துல! அதே சமயம், ஒரு கிராம் ஆல்கஹால்ல 7 கலோரி. ஒரு குவார்ட்டர்னா 420 கலோரிக்கு மேல, கிட்டத்தட்ட ஆறேழு இட்லி. சிக்கன் 65, ஆம்லெட், மிக்சர் எல்லாம் தனிக் கணக்கு.

*தூக்கம்:* "ரெண்டு பெக் போட்டா நல்லா தூக்கம் வருது"ம்போம். சீக்கிரம் தூங்கிடுவோம், அது உண்மை. ஆனா ராத்திரி பின்பாதியில தூக்கம் கலைஞ்சுக்கிட்டே இருக்கும், கனவு வர்ற தூக்கமும் குறையும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி நேரம் படுத்தும் அசதி போகாததுக்கு இதுதான் காரணம்.

*புற்றுநோய்:* சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லயே மதுவை முதல் பிரிவுல வெச்சிடுச்சு. புகையிலையும் அதே பிரிவுதான். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகம்னு ஏழு வகைப் புற்றுநோயோட தொடர்பு இருக்கு. 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம், "பாதுகாப்பான அளவு"ன்னு ஒண்ணு கிடையாதுன்னே சொல்லிடுச்சு.

"கொஞ்சமா குடிச்சா இதயத்துக்கு நல்லதாமே?" இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். பழைய ஆய்வுகள் பலதுல குடிக்காதவங்க பட்டியல்ல, உடம்பு கெட்டுப்போய் குடியை விட்டவங்களையும் சேர்த்துட்டாங்க. அதனால கொஞ்சமா குடிச்சவங்க ஆரோக்கியமா தெரிஞ்சாங்க. அதைச் சரிபண்ணிப் பார்த்தா அந்த "நன்மை" பெரும்பாலும் கரைஞ்சு போயிடுது.

ஆக, நிறுத்தினா நல்லது. முடியலன்னா, குறைச்சாலும் நல்லதுதான். ஆனா ஏற்கெனவே கல்லீரல் பிரச்சினை இருக்குறவங்க, கர்ப்பிணிகள், தூக்க மாத்திரை மாதிரி மருந்து எடுக்குறவங்களுக்கு "குறைக்கிறது" பத்தாது. முழுசா நிறுத்தணும்.

இதை மட்டும் தாண்டிப் போகாதீங்க

தினமும் அதிகமா குடிக்கிறவங்க, காலையில கை நடுங்குறவங்க, திடீர்னு தானா நிறுத்தக் கூடாது. முதல் ரெண்டு நாள்ல வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாள்ல மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரியறதுன்னு உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில, மருந்தோட நிறுத்தணும்.

இது மன உறுதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல, வைத்தியம் தேவைப்படுற விஷயம். தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல சென்னையில டி.டி.ரங்கநாதன் மையத்தை ஆரம்பிச்சதும் இதுக்காகத்தான். இந்திரா நகர்ல அது இன்னும் இயங்குது. போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல உதவிக்கு 14416. ரெண்டும் கட்டணமில்லா எண்கள். உங்களுக்கு இல்லன்னாலும் வீட்ல யாருக்காவது தேவைப்படலாம், போன்ல பதிஞ்சு வெச்சுக்கோங்க.

இப்போ நம்ம ஏரியா: பணம்

"மாசம் எவ்வளவு செலவாகுது?"ன்னு என்னை யாராவது கேட்டிருந்தா, "ஒரு மூவாயிரம் இருக்கும்"னு சொல்லியிருப்பேன். மூணு மாச யூபிஐ ஸ்டேட்மென்ட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு சனிக்கிழமை சராசரி இது:

- சரக்கு (என் பங்கு): 650 ரூபாய்
- சைட் டிஷ், சோடா, தண்ணி: 300
- வீட்டுக்கு ஆட்டோ: 250
- ஞாயிறு எழுந்திரிக்க முடியாம ஆர்டர் பண்ண சாப்பாடு: 300

மொத்தம் 1,500. நாலு வாரத்துக்கு 6,000. மாசம் ஒரு தடவை ஆபீஸ் டீமோட பப், அது 2,000. ஆக 8,000 ரூபாய். நான் நினைச்சதை விட ரெண்டரை மடங்குக்கும் மேல! கவனிச்சீங்களா, வார பட்ஜெட்ல சரக்கோட விலை பாதி கூட இல்ல. மீதி எல்லாம் அது கூடவே வர்ற செலவு.

8,000-த்தையும் சேமிச்சேன்னு சொன்னா பொய். சினிமா, ஜூஸ், மனைவியோட வெளிய சாப்பாடுன்னு 3,000 போயிடுச்சு. மீதி 5,000-க்கு சம்பளம் வந்த மறுநாளே பிடிக்கிற மாதிரி எஸ்ஐபி போட்டேன். இது முக்கியம். குடியை விட்டா பணம் தானா சேராது, வேற ஓட்டை வழியா போயிடும்.

மாசம் 5,000 ரூபாய், ஆண்டுக்கு 12% வளர்ச்சின்னு வெச்சுக்கிட்டா:

- 10 வருஷத்துல போட்டது 6 லட்சம், கையில சுமார் 11.6 லட்சம்
- 20 வருஷத்துல போட்டது 12 லட்சம், கையில சுமார் 50 லட்சம்

12% உத்தரவாதம் இல்ல. 10%-ன்னு போட்டாலும் 10 வருஷத்துல சுமார் 10.3 லட்சம் வருது.

ஸ்டேட்மென்ட்ல தெரியாத செலவு

*ஹெல்த் இன்ஷூரன்ஸ்:* உங்க பாலிசியில "எக்ஸ்குளூஷன்" பக்கத்தைத் திறந்து பாருங்க. மதுப்பழக்கத்துக்கான சிகிச்சையும் அதன் விளைவுகளும் கவர் ஆகாதுன்னு இருக்கும். ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்கு அது, எண் 12. கல்லீரல் சிகிச்சை பில் லட்சங்கள்ல வரும்போது, கேஸ் ஷீட்ல "நாள்பட்ட குடிப்பழக்கம்"னு ஒரு வரி இருந்தா கிளெய்ம் சிக்கல்தான்.

*பொய் சொன்னா:* 2025 மார்ச்ல உச்ச நீதிமன்றம், அதிகக் குடிப்பழக்கத்தை மறைச்சு எடுத்த ஒரு மருத்துவ பாலிசியில கிளெய்மை நிராகரிச்சது சரின்னு தீர்ப்பு சொல்லுச்சு. "இல்லைன்னு போட்டுடலாம்"னு போன்ல சொன்னவர், கிளெய்ம் அன்னிக்கு உங்க மனைவி பக்கத்துல நிக்க மாட்டார்.

*வண்டி:* 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். அப்போ விபத்து ஆனா, உங்க வண்டி ரிப்பேருக்கு இன்ஷூரன்ஸும் வராது.

90 நாள் கழிச்சு

முதல் ரெண்டு சனிக்கிழமை கொடுமை. நண்பர்கள் "என்னடா, சாமியாராயிட்டியா?"ன்னு கலாய்ச்சாங்க. நாலாவது வாரம் கேக்குறதையே விட்டுட்டாங்க. ஒருத்தன் மட்டும் தனியா கூப்பிட்டு, "எனக்கும் அந்த டெஸ்ட் எழுதிக் கொடுடா"ன்னான்.

மறுபடி டெஸ்ட்: ஜிஜிடி 38, எஸ்ஜிபிடி 41, பிபி 126/82, எடை நாலு கிலோ குறைவு. எல்லாப் பெருமையும் குடியை விட்டதுக்கே போகாது. டாக்டர் சொன்னபடி தினமும் 40 நிமிஷம் நடந்தேன், ராத்திரி புரோட்டாவையும் விட்டேன். பாலிசி கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தோட கிடைச்சுது. உள்ளதை எழுதிக் கிடைச்ச பாலிசி, அதனால அந்தக் கூடுதல் பணம் எனக்கு உறுத்தல. பாலிசி கைக்கு வந்து பதினோராவது நாள் மகள் பிறந்தா.

அதுக்கப்புறம் ஒரு கல்யாணத்துல ஒரு பீர் குடிச்சேன். மறைக்க விரும்பல. ஆனா சனிக்கிழமைப் பழக்கம் திரும்ப வரல.

நீங்க இந்த வாரம் செய்யக்கூடியது

1. மூணு மாச யூபிஐ ஸ்டேட்மென்ட்டை எடுங்க. சரக்கு மட்டும் இல்ல, ஆட்டோ, சைட் டிஷ், மறுநாள் ஆர்டர் எல்லாத்தையும் கூட்டுங்க.
2. லிவர் ஃபங்ஷன் டெஸ்ட், பிபி, சுகர் ஒரு தடவை பாருங்க. ரிசல்ட்டை டாக்டர்கிட்ட காட்டுங்க. ஜிஜிடி ஏற குடி மட்டுமே காரணம் இல்ல.
3. தினமும் குடிக்கிறவர் இல்லன்னா, 30 நாள் நிறுத்திப் பாருங்க. முடியலன்னா அதுவே ஒரு தகவல், உதவி கேளுங்க.
4. மிச்சமாகுற தொகையில பாதிக்காவது எஸ்ஐபி போடுங்க, முதல் நாளே.
5. பாலிசி விண்ணப்பத்துல உள்ளதை எழுதுங்க. ஏற்கெனவே தப்பா எழுதியிருந்தா, கம்பெனிக்கு மெயில் போட்டுத் திருத்துங்க.

நான் டாக்டர் இல்ல, செபி பதிவு பெற்ற ஆலோசகரும் இல்ல. என் கணக்கைத்தான் உங்களுக்குக் காட்டினேன். உங்க கணக்கு எவ்வளவு வந்துச்சு? ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துட்டு வந்து கமெண்ட்ல ஒரு நம்பர் மட்டும் போடுங்க. பேர் வேண்டாம்.