முதலாம் வகுப்பின் ஓராண்டும் எழுத்துக் கற்றலும்: பெங்களூரு நகரை முன்வைத்து ஒரு விளக்கம்

1. முன்னுரை

தொடக்கப்பள்ளியின் முதலாண்டில் குழந்தை எதைக் கற்கிறது என்னும் வினாவிற்கு 'எழுத்துகளைக் கற்கிறது' என்பதே பெற்றோர் பலரும் தரும் விடையாகும். ஆண்டு முடிவில் எழுத்து வரிசை முழுவதையும் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் இயலாத குழந்தை பின்தங்கிய குழந்தை எனக் கருதப்படுவதும் உண்டு. இக்கணிப்பு குழந்தையின் திறனைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் அது எழுத்துமுறையைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தின் விளைவாகும். தமிழ், கன்னடம் போன்ற மொழிகளின் எழுத்துகள் ஓராண்டில் முழுமையாகக் கற்று முடிக்கத்தக்க அளவின அல்ல. இக்கருத்தைப் பெங்களூரு நகரத்துக் குழந்தைகளின் நிலையைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நகரின் மொழிச்சூழல்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் குறித்தோர் பாதிக்கும் குறைவானவரே. தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் அடுத்தடுத்துப் பெருந்தொகையினராக உள்ளனர். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராமபுரம் முதலிய பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன.

பயிற்றுமொழி குறித்து இம்மாநிலத்தில் நீண்ட விவாதம் நிகழ்ந்துள்ளது. முதல் நான்கு வகுப்புகளில் தாய்மொழியோ கன்னடமோ பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என 1994இல் மாநில அரசு ஆணையிட்டது. பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோர்க்கும் மாணவர்க்கும் உரியது என்று கூறி, உச்சநீதிமன்றம் 2014ஆம் ஆண்டு மே மாதம் வழங்கிய தீர்ப்பில் அக்கட்டாயத்தை ஏற்க மறுத்தது. பின்னர், கன்னடம் ஒரு பாடமாகவேனும் கற்பிக்கப்படுதல் வேண்டும் எனக் கன்னட மொழி கற்றல் சட்டம் 2015இல் இயற்றப்பட்டு, 2017-18ஆம் கல்வியாண்டு முதல் முதலாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

இவற்றின் பயனாக, தமிழ்க் குடும்பத்துக் குழந்தை ஒன்று ஆங்கிலவழிப் பள்ளியில் சேருமாயின் ஆங்கிலம், கன்னடம் என்னும் இரு எழுத்துமுறைகளை ஏறத்தாழ ஒரே காலத்தில் எதிர்கொள்கிறது. வீட்டிலோ மாலை வகுப்பிலோ தமிழும் கற்பிக்கப்படுமாயின் எழுத்துமுறைகள் மூன்றாகின்றன.

3. எழுத்துமுறைகளின் பரப்பு

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் சேர 52 வடிவங்கள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். கன்னட வர்ணமாலையில் உயிர் 13, யோகவாகம் 2, மெய் 34 என 49 எழுத்துகள் உள்ளன. அம்மெய்கள் உயிர்களோடு கூடும்போது 442 வடிவங்கள் தோன்றுகின்றன. கன்னடத்தார் 'காகுணிதம்' என வழங்கும் இவ்வரிசையோடு, மெய்ம்மயக்கத்தைக் குறிக்கும் ஒத்தெழுத்துகளும் சேர்கின்றன.

இவ்வடிவங்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை என்பது உண்மையே. மெய்யின் வடிவமும் உயிர்க்குறியும் தெரிந்தால் உயிர்மெய்யை உய்த்துணரலாம். கன்னடத்தில் இகர, எகர, ஒகரக் குறிகளோடு ஒரே நீட்டற்குறியைச் சேர்த்தால் ஈகாரமும் ஏகாரமும் ஓகாரமும் கிடைக்கின்றன; ஒன்றைக் கற்ற குழந்தைக்கு மூன்று விளங்குகின்றன. தமிழில் துணைக்கால் எல்லா மெய்களோடும் ஒரே வகையாக அமைவதும் அத்தகையதே. ணா, றா, னா முதலிய 13 எழுத்துகளைச் சீராக்கித் தமிழ்நாட்டரசு 1978இல் பிறப்பித்த ஆணை இவ்வொழுங்கை மேலும் வலுப்படுத்தியது.

ஆயினும் ஒழுங்கு முழுமையானதன்று. தமிழில் உகரம் கு, சு, து என வெவ்வேறு வடிவு கொள்கிறது. எகர ஒகரக் குறிகளில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே எழுதப்பட, ஒலியோ பின்னே வருகிறது. கன்னடத்தில் மெய்ம்மயக்கத்தின் இரண்டாம் மெய் முதல் மெய்யின் கீழே எழுதப்படுகிறது. ரகரம் முதலில் வரும் மயக்கத்திலோ அதன் குறி அடுத்த மெய்க்குப் பின்னே இடம்பெறுகிறது. இதனை 'அர்க்காவொத்து' என்பர். ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் மாறுபடும் இவ்விடங்களில்தான் குழந்தைகள் தடுமாறுவது இயல்பு.

4. ஓராண்டின் அளவு

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள்களும் 800 கற்பித்தல் மணிகளும் வேண்டும் என வரையறுக்கிறது. அம்மணிகளைக் கணக்கும் சூழ்நிலையியலும் பிற செயல்களும் பகிர்ந்துகொள்கின்றன. கன்னடக் காகுணித வரிசையின் 442 வடிவங்களை மட்டும் 200 நாள்களுக்குப் பகிர்ந்தாலே நாளொன்றுக்கு இரண்டுக்கும் மேலாகின்றன. கற்றதை மீளப் பயில்வதற்கும், சொல்லிலும் தொடரிலும் பொருளுணர்ந்து படிப்பதற்கும் அக்கணக்கில் இடமில்லை.

5. ஆய்வுகள் காட்டுவன

ஐரோப்பிய மொழிகள் 13இல் தொடக்கநிலைப் படிப்பை ஒப்பிட்டு சீமூரும் பிறரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கற்கும் குழந்தைகள் முதற்பள்ளியாண்டு முடிவதற்குள் சொற்களைப் பிழையின்றிப் படிக்கும் நிலையை எய்துகின்றனர் என்றும், ஆங்கிலக் குழந்தைகளுக்கு மேலும் காலம் தேவைப்படுகிறது என்றும் காட்டியது. ஆங்கிலத்திற்குக் காலம் மிகுவதற்குக் காரணம் எழுத்தின் எண்ணிக்கையன்று. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவின் சிக்கலே.

கன்னடத்தில் காலம் மிகுவதற்குக் காரணம் வேறு. பெங்களூருவில் முதல் நான்கு வகுப்புக் குழந்தைகளிடம் சோனாலி நாக் மேற்கொண்டு 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்தறிவு முதலாண்டில் முற்றுப்பெறாமல் மூன்றாம், நான்காம் வகுப்புகள் வரை வளர்ந்துகொண்டே செல்கிறது எனக் கண்டது. ஒலியன்களைத் தனித்தனியே பிரித்துணரும் திறனும் மெதுவாகவே தோன்றுகிறது. எழுத்தின் அலகு அசையாக இருப்பதால், குழந்தை முதலில் அசையையும் பின்னரே அதனுள் அடங்கிய மெய்யையும் உயிரையும் உணர்கிறது என இதனை விளக்கலாம். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தினும் தெளிவாக இருந்தும், எழுத்தின் பரப்பு காலத்தை நீட்டுகிறது.

ஆகவே இரண்டாம் வகுப்பில் ஒத்தெழுத்தில் தடுமாறும் குழந்தையைக் குறைபாடுடையது எனக் கருதுவதற்கு அத்தடுமாற்றம் மட்டும் சான்றாகாது.

6. தமிழ்க் குழந்தைக்கு எளியனவும் அரியனவும்

தமிழ்க் குழந்தை கன்னட எழுத்தை வெறுங்கையோடு அணுகுவதில்லை. உயிர்மெய் என்னும் அமைப்பு இரு மொழிக்கும் பொது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இரண்டிலும் உண்டு. கை, கால், கண் போன்ற சொற்கள் சிறு மாற்றத்தோடு இரண்டிலும் வழங்குகின்றன. பால் 'ஹாலு' என்றும் புலி 'ஹுலி' என்றும் ஒலிப்பதைக் குழந்தை தெருவிலேயே கேட்டறிகிறது.

அரியனவும் உள. தமிழில் ஒரே ககரம் சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கிறது. கன்னடத்திலோ ஒலிப்பிலா ஒலி, ஒலிப்புடை ஒலி, அவற்றின் மூச்சொலிகள் என நான்கிற்கும் தனி எழுத்துகள் உண்டு. பம்பரம் என்னும் சொல்லின் இரு பகரங்களும் ஒலியால் வேறானவை என்பதைத் தமிழெழுத்து குழந்தைக்குக் காட்டுவதில்லை. கன்னட எழுத்து அதனைக் கேட்கிறது. மேலும், தமிழ்ச் சொற்கள் பல மெய்யில் முடிவதால் மரம், படம் போன்ற முதற்சொற்களிலேயே புள்ளி தேவைப்படுகிறது. கன்னடத்தில் அதே சொல் 'மர' என உயிரில் முடிவதால், குறியேதும் இல்லாத எழுத்துகளாலேயே முதற்பாடத்தை அமைக்க முடிகிறது.

7. கற்பித்தலும் மதிப்பீடும்

வர்ணமாலை வரிசையைக் கைவிட்டு, விரைவில் சொல்லாக்கத்தக்க எழுத்துகளை முதலில் தருவதும், ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்திற்கேற்ப முன்னேறுவதும் 'நலி-கலி' முறையின் அடிப்படைகளாகும். ஆந்திரத்தின் ரிஷிவேலி முறையைத் தழுவி, 1995இல் மைசூர் மாவட்டத்தின் எச்.டி. கோட்டை வட்டத்தில் தொடங்கிய இம்முறை, 2009-10இல் மாநிலத்தின் அரசுக் கன்னடவழிப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. பல வகுப்புக் குழந்தைகள் ஒருங்கே அமர்ந்து பயில்வதால், ஆண்டு முடிவு கற்றலின் முடிவாகக் கொள்ளப்படுவதில்லை.

நடுவணரசு 2021இல் தொடங்கிய 'நிபுண் பாரத்' திட்டமும் அடிப்படை எழுத்தறிவிற்கு மூன்றாம் வகுப்பின் முடிவையே எல்லையாகக் கொள்கிறது. முதலாம் வகுப்பின் இலக்காக அது கூறுவது எழுத்து அட்டவணையன்று. நான்கைந்து எளிய சொற்களாலான, முன்னர்ப் பயிலாத சிறு தொடர்களைப் படித்தலாகும். ஆயினும் மூன்றாம் வகுப்பிற்கு நிமிடத்திற்கு 60 சொற்கள் எனப் பொதுவாகக் கூறப்படும் அளவு, ஒட்டுநிலை மொழிகளுக்குச் சிந்தித்துப் பொருத்தத்தக்கது. 'வந்துகொண்டிருக்கிறான்' என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் அதன் பொருள் மூன்று சொற்களில் அமைகிறது. சொல்லை எண்ணி வேகத்தை அளப்பின் தமிழ்க் குழந்தையும் கன்னடக் குழந்தையும் காரணமின்றி மெதுவானவர்களாகத் தோன்றுவர்.

8. முடிவுரை

முதலாண்டில் குழந்தை கற்க வேண்டுவது எழுத்துகளின் தொகை அன்று. எழுத்து இயங்கும் நெறியாகும். சில மெய்களையும் சில உயிர்க்குறிகளையும் ஐயமின்றி அறிந்து, அவற்றால் அமைந்த புதிய சொல் ஒன்றைத் தானே படித்துப் பொருள் கொள்ளும் குழந்தை அவ்வாண்டிற்குரிய கல்வியைப் பெற்றுவிட்டது எனலாம். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பித்தும் புதிய சொல்லைப் படிக்க இயலாத குழந்தை இன்னும் பெறவில்லை. எஞ்சிய வடிவங்களுக்கும் ஒத்தெழுத்துகளுக்கும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் தேவை. அக்காலத்தை மறுத்து முதலாண்டிலேயே குழந்தையைத் தேர்ந்தது, தவறியது எனப் பிரிப்பது எழுத்துமுறையின் இயல்பை அறியாமையாகும். இரண்டு மூன்று எழுத்துமுறைகளுக்கிடையே வளரும் பெங்களூருத் தமிழ்க் குழந்தைக்கு அப்பொறுமை மற்றவர்களுக்கு வேண்டுவதினும் மிகுதியாக வேண்டற்பாலது.