பெட்டியில் அச்சிட்ட 50 வாட்

கார் ஸ்டீரியோ விற்கும் கடையில் அட்டைப்பெட்டிகளைத் திருப்பிப் பாருங்கள். விலை நாலாயிரமோ நாற்பதாயிரமோ, பெரும்பாலான பெட்டிகளின் மூலையில் '4 × 50 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். பத்து மடங்கு விலை வித்தியாசம் உள்ள இரண்டு கருவிகளுக்கு ஒரே திறன் எப்படி வந்தது? வாங்குகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. கேட்டால், காரோடு வந்த கம்பெனி செட்டைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டுவதால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதில் பாதி அங்கேயே விளங்கிவிடும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காருக்குப் புது செட் நல்ல செலவுதான். ஆனால் அந்தக் காசுக்கு வருவது போன் இணைப்பு. நல்ல ஓசை வேண்டுமென்றால் டேஷ்போர்டை விட்டுவிட்டு முதலில் கதவைக் கழற்ற வேண்டும்.

அந்த 50 வாட் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கார் பேட்டரி 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 14.4 வோல்ட் அளவுக்கு ஏற்றி வைக்கிறது. செட்டுக்குள் ஆம்ப்ளிஃபயராக வேலை பார்ப்பது தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு சிப். அது ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக ஆட்டி, கிடைக்கிற 14.4 வோல்ட்டையும் கறந்துகொள்கிறது. அதற்கு மேல் கறக்க அங்கே எதுவும் இல்லை. கார் ஸ்பீக்கரின் மின்தடை வழக்கமாக 4 ஓம். வோல்ட்டின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் வாட் கிடைக்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு: 14.4-இன் வர்க்கம் 207, அதை 4-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 52. பெட்டியில் இருக்கும் எண் இதுதான். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் அது உச்சியில் வெட்டுப்பட்டுச் சதுரமாகிப்போன அலைக்கான எண்; அந்த நிலையில் பாட்டு பாட்டாக இருக்காது, கரகரவென்று கிழியும். வெட்டுப்படாத அலைக்கு இதில் பாதி, 26 வாட். சிப்பில் வீணாவதையும் கழித்தால் இருபதைச் சுற்றித்தான் நிற்கும். அமெரிக்காவில் 2003-இல் வந்த சி.இ.ஏ. 2006 (இது வரிசை எண், ஆண்டல்ல) என்ற தரவரையறை இப்படித்தான் அளக்கச் சொல்கிறது: 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. அதன்படி அளந்து எழுதும் கம்பெனிகளின் கையேட்டில், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் 18 முதல் 22 வாட் வரை போட்டிருப்பார்கள்.

கம்பெனி செட்டுக்கும் இதே பேட்டரிதான், உள்ளே இருப்பதும் பெரும்பாலும் இதே இனத்துச் சிப்தான். பழையது 18 வாட், புதியது 22 வாட் என்றே வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஒரு டெசிபல்கூட இல்லை. ஓசை இரு மடங்கானதுபோலக் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். டேஷ்போர்டுக்குள் அடங்கும் எந்தப் பெட்டியாலும் அது முடியாத காரியம். தனி ஆம்ப் வைத்தால் முடியும். அது பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் போட்ட தடித்த கேபிளில் மின்சாரம் வாங்கி, தனக்குள்ளேயே வோல்ட்டை உயர்த்திக்கொள்கிறது. அது வேறு வேலை, வேறு பட்ஜெட்.

'புது செட் போட்டதும் சத்தம் அருமையாக மாறிவிட்டதே' என்று பலர் சொல்வார்கள். அவர்கள் காது பொய் சொல்லவில்லை, காரணம்தான் வேறு. புது செட் பெட்டியிலிருந்து வரும்போதே பேஸும் ட்ரெபிளும் தூக்கிவிடப்பட்டிருப்பதுண்டு. சற்றே உரக்கக் கேட்பதைச் 'சிறப்பாக' என்று எடுத்துக்கொள்வது மனிதக் காதின் பழைய பலவீனம். இதைத் தள்ளிவிட்டாலும், நடுத்தர விலைக்கு மேல் உள்ள செட்டுகளில் உண்மையாகவே பயன்படும் இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று, சிறிய ஸ்பீக்கரால் தாங்க முடியாத ஆழ்ந்த ஒலியை அதற்கு அனுப்பாமல் தடுக்கும் வடிகட்டி. மற்றொன்று நேரச் சீரமைப்பு. நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்கார்கிறார். இடக்கதவு ஸ்பீக்கர் வலக்கதவு ஸ்பீக்கரைவிட 60 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அதன் ஒலி ஒன்றே முக்கால் மில்லிசெகண்ட் பிந்தி வரும். அற்பம் என்று தோன்றும். ஆனால் பாடகர் நடுவில் நிற்காமல் உங்கள் வலது முழங்காலருகே வந்து உட்கார்ந்துகொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். வலப்பக்க ஒலியை அதே அளவுக்குத் தாமதித்து அனுப்பினால் பாடகர் கண்ணாடிக்கு முன்னால் எழுந்து நிற்பார். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மெனுவுக்குள் போய் டேப் வைத்து அளந்து எண் போடுகிறவர்கள் எத்தனை பேர்? போடாதவருக்கு அந்த வசதி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

ஓசையின் உண்மையான வீடு கதவு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் சந்தித்துக்கொண்டால், ஆழ்ந்த ஒலியில் ஒன்றையொன்று தின்றுவிடும். வீட்டு ஸ்பீக்கரை மரப்பெட்டியில் அடைப்பது இதற்காகத்தான். காரில் பெட்டி என்று இருப்பது கதவுத் தகடு. அதிலோ கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டாருக்கும் தாழ்ப்பாளுக்குமாகக் கையகல ஓட்டைகள். மெல்லிய தகடு வேறு பாட்டுக்குத் தகுந்தபடி தானும் அதிர்கிறது. ஓட்டைகளை அடைத்து, தகட்டில் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கரை ஆடாத வளையத்தில் முடுக்கினால் கம்பெனி ஸ்பீக்கரிலேயே பேஸ் எழும்பும். ஸ்பீக்கரையும் மாற்றினால் இன்னும் நல்லது. ஷீட் வாங்கும்போது மட்டும் கவனம்: தார் கலந்த மலிவுச் சரக்கு நம் ஊர் வெயிலில் இளகி, நாற்றமடித்து, மெல்லக் கதவுக்குள் வழியும்.

பிறகு செட்டை எதற்கு மாற்ற வேண்டும்? காரின் ஆயுளும் கேட்கும் வழியின் ஆயுளும் ஒட்டிப்போவதில்லை என்பதற்காக. காரில் ரேடியோ புகுந்ததே வெளியிலிருந்துதான். 1930-இல் சிகாகோவின் கால்வின் சகோதரர்கள், கார் வாங்கிய பிறகு பொருத்திக்கொள்ளும் ரேடியோவாகத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். மோட்டாரோலா என்ற பெயரே அதற்காகப் பிறந்தது. ஜெர்மனியில் 1932-இல் பிளாவ்புங்க்ட் விற்ற முதல் கார் ரேடியோவின் விலை, காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. பின்னர் கேசட் வந்தது. 1984-இல் பயனியர் காருக்கான சி.டி. பிளேயரைக் கொண்டுவந்தது. போனைக் காரின் திரையோடு இணைக்கும் ஆப்பிளின் கார்பிளே 2014-இல் அறிமுகமாக, ஆண்ட்ராய்டு ஆட்டோ மறு ஆண்டு வந்தது. நம் நாட்டில் தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். 2012-இல் வாங்கிய காரில் இன்ஜின் இன்னும் சீராக ஓடும், டேஷ்போர்டில் சி.டி. வாய் பிளந்திருக்கும், வீட்டில் போட ஒரு சி.டி. இருக்காது. இந்த இடைவெளியை அடைக்க வழிவிட்டது ஜெர்மன் தரநிர்ணய அமைப்பு வகுத்த ஓட்டையின் அளவு: அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50. 'டின்' என்று கடைக்காரர்கள் சொல்வது அந்த அமைப்பின் பெயர்ச் சுருக்கம்தான். உயரம் இரட்டித்தால் டபுள் டின். பல நாட்டுக் கார்களில் எந்தக் கம்பெனியின் செட்டும் உட்காரலாம் என்ற சுதந்திரம் இந்த இரண்டு எண்களில் இருந்தது. வழியும் பாட்டும் போன் அழைப்பும் பெரிய திரையில், கண்ணைத் தாழ்த்தாமல் கிடைப்பது பழைய காருக்கு உண்மையான புதுவாழ்வு. ரிவர்ஸ் கேமராவையும் சேர்த்தால் கொடுத்த காசுக்குக் கணக்கு சரியாகிவிடும்.

புதிய கார்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அவற்றில் ஏ.சி., கேமரா, வண்டியின் அமைப்புகள் எல்லாம் ஒரே திரைக்குள் போய்விட்டன. ஒன்றைப் பிடுங்கினால் நான்கு சேர்ந்து வரும். அங்கே செட்டைத் தொடாமல், அதன் ஸ்பீக்கர் வயரிலிருந்தே ஒலியை வாங்கிச் சீர்செய்யும் ஆம்பைப் போடுவதே புத்திசாலித்தனம்.

பழைய காரில் மாற்றுவதென்று முடிவானால், கெடுப்பதும் காப்பதும் வயரிங். புது செட்டின் மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும். சிவப்புக்குச் சாவி திருப்பினால் மட்டும். இரண்டும் இடம் மாறினால், சாவியை எடுத்தவுடன் செட் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றில் இந்த இரண்டும் தலைகீழாகவே வரும். ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயரை பாடியில் எர்த் கொடுப்பது பழைய பழக்கம். இன்றைய சிப்பில் அந்த முனையிலும் பாதி பேட்டரி வோல்ட் நிற்கிறது, பாடியில் பட்டால் சிப்பே போய்விடலாம். ஸ்டீயரிங் பட்டன்கள் பல கார்களில் ஆளுக்கொரு மின்தடையை வைத்துத்தான் தங்களை அடையாளம் காட்டுகின்றன. அவற்றை அளந்து கற்றுக்கொள்ளும் செட்டாகப் பார்த்து வாங்கலாம். ஹேண்ட்பிரேக்குக்குப் போக வேண்டிய வயர் ஒன்றும் உண்டு. வண்டி நின்றால்தான் வீடியோ ஓடும் என்பதற்காக வைத்தது. அதை எர்த்தில் முறுக்கிவிட்டு 'ஓட்டும்போதே படம் பார்க்கலாம் சார்' என்று சொல்லும் கடை உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடானாலும் சரி, உங்கள் ஊர்க் கார் டெக்கரேஷன் கடையானாலும் சரி, விலை பேசும் முன் ஒன்று கேளுங்கள்: 'என் வண்டிக்கு கப்ளர் இருக்கிறதா?' அந்த இணைப்பு பிளக் இருந்தால் கம்பெனி வயரில் ஒரு வெட்டு விழாமல் புது செட் உட்காரும், நாளை பழையதை அப்படியே திருப்பி மாட்டலாம். பதிலுக்குக் கட்டரும் இன்சுலேஷன் டேப்பும் வெளியே வந்தால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.